வன்தட்டின் "இறப்பு": சுற்றுப்பலகையின் மின்வழங்கற் பழுதுகளை இனங்காணுதல்

கணினி பற்றிய நமது அன்றாடப் பேச்சிலே 'இறந்துவிட்டது' என்னும் சொல் மிக எளிதாக வழங்குகின்றது. மின்னிணைப்புக் கொடுத்த பின்னரும் சுழலாத, ஓசையெழுப்பாத, கணினியினால் இனங்காணப்படாத ஒரு வன்தட்டைக் கண்டதும் அச்சொல்லைக் கூறிவிடுகின்றோம். தீர்ப்பு வழங்கப்பட்டதும் விசாரணை நின்றுவிடுகின்றது. தமிழிலக்கிய வரலாற்றிலே 'இருண்டகாலம்' என்ற முத்திரை செய்த வேலையை இது ஒத்தது. ஒரு காலப்பகுதி பற்றி நமக்குத் தெரியாதிருந்ததை அக்காலப்பகுதியின் இயல்பாகவே எழுதிவைத்தோம். வன்தட்டு விடயத்திலும் 'இறந்துவிட்டது' என்பது பெரும்பாலும் பொருளின் நிலையைக் குறிப்பதன்று; பார்ப்பவரின் அறிவு எவ்விடத்தில் நின்றுவிட்டது என்பதையே குறிப்பது.

இலக்கியம் கற்பிக்கும் ஒருவன் மின்சுற்றுப் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் கூறவேண்டும். இக்கட்டுரையாளன் மஸ்கெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களிலே முதியோர் பலரைச் சந்தித்து, அவர்தம் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும் தத்தம் குடும்பங்களைப் பிரித்த விதம் பற்றிய நினைவுகளையும் ஒலிப்பதிவு செய்து வந்தான். அறுபது மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்ட அப்பதிவுகள் மேசைமேல் வைக்கும் புறநிலை வன்தட்டு ஒன்றிலே சேர்ந்திருந்தன. பாடியோருள் இருவர் பின்னர் காலமாகிவிட்டனர். இரண்டாவது பிரதி எடுக்கப்படவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதை ஆண்டுதோறும் நினைவுகூரும் ஒரு சமூகத்தின் ஆய்வாளன், மீட்டுப் பெறமுடியாத குரல்களை ஒரேயொரு பெட்டிக்குள் வைத்திருந்தான் என்பதற்கு எவ்விதச் சமாதானமும் இல்லை.

நிகழ்ந்தது இதுதான். மின்தடை நீங்கிய ஓர் இரவில், அரையிருளில், வன்தட்டுக்குரிய 12 வோல்ற் அடப்ரருக்குப் பதிலாக மடிக்கணினிக்குரிய 19 வோல்ற் அடப்ரரின் முனை அதிலே செருகப்பட்டது. முனை பொருந்தியது. இப்பொருத்தம் தற்செயலானதன்று. இத்தகைய அடப்ரர்களுட் பலவற்றின் உருளை முனை 5.5 மில்லிமீற்றர் வெளிவிட்டமுடையது. உள்துளை சிலவற்றில் 2.1 மில்லிமீற்றர், சிலவற்றில் 2.5 மில்லிமீற்றர். பெரிய துளையுடைய முனை சிறிய ஊசியுடைய குழியினுட் சற்றுத் தளர்வாகவேனும் புகுந்துவிடும். வோல்ற்றளவு வேறாகவும் வடிவம் ஒன்றாகவும் இருப்பது, தத்தம் பண்டத்தைத் தத்தமக்கு மலிவான வழியிற் செய்து சந்தைக்கு அனுப்பும் உற்பத்தி முறையின் விளைவு. அதன் விலையைப் பயன்படுத்துவோனே கொடுக்கின்றான். ஒரு கணம் மெல்லிய கருகல் மணம் எழுந்தது. அதன்பின் அமைதி. உரிய அடப்ரரைப் பின்னர் பொருத்தியபோது, வன்தட்டுச் சுழலவில்லை என்பதோடு, அடப்ரரின் சிறு பச்சை விளக்கும் அணைந்து அணைந்து எரியலாயிற்று. இந்த விளக்கின் துடிப்பே பின்னர் விசாரணைக்கு முதற் சான்றாயிற்று என்பதை இவ்விடத்திற் குறித்துவைப்போம்.

வன்தட்டு இரு பகுதிகளாலானது. ஒன்று அடைத்து மூடப்பட்ட உலோக அறை. அதனுள்ளே காந்தப்பூச்சுடைய தட்டுகளும், அவற்றை வாசிக்கும் தலைகளும், தலைகளின் நலிந்த சைகையைப் பெருக்கும் ஒரு சிறு சில்லும் உள்ளன. மற்றையது அறையின் அடிப்புறத்திலே திருகப்பட்டிருக்கும் பச்சை அல்லது நீலநிறச் சுற்றுப்பலகை. 1956இல் ஐ.பீ.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுத் தொகுதி 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டு, ஐம்பது இலட்சம் எழுத்துருக்களை மட்டுமே சேமித்தது. அதன் மின்னணுப் பகுதி தனி அலுமாரிகளாகவே இருந்தது. 1980களின் நடுப்பகுதி வரை சிறு கணினிகளிலும் கட்டுப்படுத்தும் சுற்று கணினியின் உள்ளே தனிப்பலகையாக இருந்தது. அதன் பின்னரே அது வன்தட்டின் முதுகில் ஏறிற்று. இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறவேண்டிய செய்தி ஒன்றுண்டு. நமது ஆவணங்கள் தட்டுகளில் உள்ளனவேயன்றிப் பலகையில் இல்லை. பலகை முற்றாகக் கருகினும் தட்டுகளிற் பதிந்தவை அப்படியே இருக்கும். ஆகவே மின்வழங்கற் பழுது என்பது, தலை உடைந்து தட்டின் மேற்பரப்பைச் சுரண்டும் பழுதுடன் ஒப்பிடுகையில், நம்பிக்கைக்கு இடமளிக்கும் பழுதாகும்.

பலகைக்குள் மின் நுழையும் பாதையை அறிந்தாலன்றிப் பழுதைத் தேடமுடியாது. மூன்றரை அங்குல வன்தட்டுக்கு இரு மின்வழங்கல்கள் வேண்டும்: தட்டுகளைச் சுழற்றும் மோட்டாருக்கு 12 வோல்ற், ஏனைய மின்னணுப் பகுதிகளுக்கு 5 வோல்ற். மடிக்கணினிகளில் உள்ள இரண்டரை அங்குல வன்தட்டுக்கு 5 வோல்ற் மட்டுமே போதும். பழைய நான்கு கம்பி இணைப்பியில் மஞ்சட் கம்பி 12 வோல்ற்றையும் சிவப்புக் கம்பி 5 வோல்ற்றையும் கொண்டுவரும். கறுப்பு இரண்டும் புவித்தொடுப்பு. இன்று வழக்கிலுள்ள சாட்டா மின்னிணைப்பியில் 15 தொடுமுனைகள் உள்ளன. தரவு இணைப்பிக்கு அண்மையிலுள்ள மூன்று 3.3 வோல்ற்றுக்குரியவை, நடுவிலே 7 முதல் 9 வரையானவை 5 வோல்ற், மிகத் தொலைவான ஓரத்திலுள்ள 13 முதல் 15 வரையானவை 12 வோல்ற். இந்த ஒழுங்கை நினைவிற் கொள்பவர் பலகையைப் பார்த்ததும் மின் எவ்வழியால் உள்வருகிறது என்பதைப் பின்தொடர முடியும்.

இவ்விரு வழிகளும் உள்நுழைந்தவுடன், பெரும்பாலான பலகைகளில், ஒவ்வொன்றும் ஒரு காவலைச் சந்திக்கின்றது. கணநேர மிகை வோல்ற்றளவை அடக்கும் இருவாயி எனலாம். திருத்துநர் வழக்கில் இதற்கு ரீ.வீ.எஸ். என்று பெயர். இது மின்வழிக்கும் புவித்தொடுப்புக்கும் இடையே குறுக்காக அமர்ந்திருக்கும். வழமையான வோல்ற்றளவில் இது மின்னைக் கடத்தாது, இருப்பதே தெரியாது. வோல்ற்றளவு ஓர் எல்லையைக் கடந்தால் மட்டும் திறந்து, மிகையான மின்னைத் தன்னூடாகப் புவித்தொடுப்புக்குச் செலுத்திவிடும். 12 வோல்ற் வழிக்குரிய ஒரு பொதுவகை இருவாயி ஏறத்தாழ 13.3 இற்கும் 14.7 இற்கும் இடையிலே கடத்தத் தொடங்கும். 5 வோல்ற் வழிக்குரியது 6.4 இற்கும் 7 இற்கும் இடையிலே தொடங்கும்.

ஆயின், பெயரிலுள்ள 'கணநேரம்' என்ற சொல் முக்கியமானது. 600 வாற் என்று குறிக்கப்பட்ட ஓர் இருவாயி அவ்வலுவைத் தாங்குவது ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் நேரமே. தொடர்ந்து தாங்கக்கூடியது, நன்கு வெப்பம் கடத்தப்பட்டால், சில வாற்றுகள் மட்டுமே. 19 வோல்ற் அடப்ரர் கணநேர அதிர்ச்சி அன்று. அது விடாது தள்ளிக்கொண்டிருக்கும் விசை. 65 வாற் மடிக்கணினி அடப்ரர் 3.4 அம்பியர் அளவு மின்னோட்டத்தைத் தரவல்லது. 14 வோல்ற்றிலே திறந்துகொண்ட இருவாயி இம்மின்னோட்டத்தை ஏற்குமாயின், ஒரு துவரம்பருப்பளவான பொருளுக்குள் ஏறத்தாழ 48 வாற் வெப்பம் பிறக்கின்றது. பற்றாசுக்கோல் ஒன்றின் வெப்பத்துக்கு இது குறைந்ததன்று. இருவாயியின் உள்ளிருக்கும் சிலிக்கன் உருகி, இரு முனைகளும் ஒன்றாய் இணைந்துவிடுகின்றன. இதனையே குறுஞ்சுற்று என்கிறோம். இங்கு அவதானிக்க வேண்டியது யாதெனில், இவ்வாறு அழிகையில் அது மின்வழியைப் புவித்தொடுப்புடன் நிரந்தரமாகப் பிணைத்துவிடுவதால், அதற்கு அப்பாலுள்ள சில்லுகளுக்கு மிகை வோல்ற்றளவு செல்வதில்லை என்பதே. காவற்பொருள் கெட்டுப்போகும் முறையே காவலாகின்றது.

இப்போது அந்தப் பச்சை விளக்குக்கு வருவோம். சரியான அடப்ரரைப் பொருத்தியபோது, அது தன் எதிரே குறுஞ்சுற்றையே கண்டது. நவீன அடப்ரர்களும் கணினி மின்வழங்கிகளும் இத்தகைய நிலையில் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்வன. சிறிது பொறுத்து மீண்டும் முயலும், மீண்டும் நிறுத்தும். விளக்கின் துடிப்பு இதன் புறத்தோற்றம். மேசைக் கணினியின் உள்ளே வன்தட்டு இருந்திருப்பின், அதனை இணைத்தவுடன் முழுக் கணினியுமே இயங்க மறுத்திருக்கும், கழற்றியதும் இயங்கியிருக்கும். இவ்வாறான கணினிகளைத் 'தாய்ப்பலகை பழுது' என்று முடிவுசெய்து விற்றுவிட்டோரையும் அறிவோம்.

இக்கட்டுரையாளன் இவற்றையெல்லாம் நூலிற் கற்றவனல்லன். கண்டியிலே கைத்தொலைபேசி திருத்தும் ஓர் இளைஞரின் கடையிற் கற்றவை இவை. தோட்டத்துப் பாடசாலையிலே சாதாரணதரம் வரை படித்தவர். வன்தட்டைக் காதருகே வைத்து மின்னிணைப்பைக் கொடுத்து, சில செக்கன் கேட்டபின், "சேர், டிஸ்க் சாகல. முன்னுக்கு ஏதோ அடைச்சிருக்கு" என்றார். எவ்வாறு தெரியும் என்று கேட்டதற்கு அவர் கூறிய விடை ஒரு முறையியலாகவே அமைந்தது. அவர் பேச்சைத் தொகுத்துச் சொல்வதாயின்: வன்தட்டுச் சுழன்று, 'டிக் டிக்' என்று தட்டும் ஓசை எழுப்பினால் மின்வழங்கல் பெரும்பாலும் சரி, கோளாறு தலைகளிலோ உள்ளிருக்கும் பெருக்கியிலோ இருக்கலாம். சுழல முயன்று முனகினால், தலைகள் தட்டில் ஒட்டியிருக்கலாம் அல்லது மோட்டாரின் அச்சு இறுகியிருக்கலாம். அங்கு பலகையைக் குறை கூறுவதிற் பயனில்லை. முற்றாக மௌனமாக இருந்து, மின்வழங்கியையும் வீழ்த்தினால் எங்கோ குறுஞ்சுற்று. மௌனமாக இருந்தும் மின்வழங்கி சுகமாக இருந்தால் எங்கோ வழி அறுந்துள்ளது. இந்த இறுதி இரண்டையும் வேறுபடுத்தாது ஒரே சொல்லால் 'இறந்தது' எனக் கூறுவதே குழப்பத்தின் தொடக்கம்.

அவர் செய்த முதல் வேலை, வன்தட்டை அதன் பிளாஸ்ரிக் கூட்டிலிருந்து பிரித்ததாகும். புறநிலை வன்தட்டின் கூட்டுக்குள்ளே, யூ.எஸ்.பி. இணைப்பை வன்தட்டுக்கு ஏற்றவாறு மாற்றும் ஒரு சிறு இடைப்பலகை உண்டு. 5 வோல்ற்றை 12 வோல்ற்றிலிருந்து ஆக்கித் தருவதும் அதுவே. பழுது அவ்விடைப்பலகையில் மட்டுமே இருந்தால், வன்தட்டைப் பிரித்து நேரே கணினியில் இணைத்ததும் எல்லாம் சரியாகிவிடும். எச்சரிக்கை ஒன்றுண்டு: சில புறநிலை வன்தட்டுகளில் இடைப்பலகையே தரவை மறையீட்டு எழுத்தாக மாற்றி எழுதும். அத்தகையவற்றில் அப்பலகையை எறிந்துவிடுவது பூட்டை வைத்துக்கொண்டு திறப்பை எறிவதற்கு ஒப்பாகும். நமது வன்தட்டில் அச்சிக்கல் இருக்கவில்லை. ஆனாற் குறுஞ்சுற்று இடைப்பலகையோடு நிற்கவுமில்லை.

அடுத்து, ஆறுமுனை நட்சத்திரத் தலையுள்ள திருகாணிகளைக் கழற்றிச் சுற்றுப்பலகையைப் புரட்டினார். பொருட்கள் உலோக அறையை நோக்கிய பக்கத்தில் இருப்பதால், வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு வெறும் பலகையே தெரியும். கருகல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. சிதைந்த இருவாயி வெளித்தோற்றத்தில் எவ்வித வடுவுமின்றி இருத்தல் சாதாரணம். ஆகவே அளவிடுதல் வேண்டும். பல்மானியைத் தடையளக்கும் நிலையில் வைத்து, மின்னிணைப்பு எதுவுமில்லாத பலகையில், ஒரு முனையைத் திருகாணித் துளையைச் சூழ்ந்த புவித்தொடுப்பிலும் மறுமுனையை 12 வோல்ற் தொடுமுனையிலும் வைத்தார். பல்மானி 0.8 ஓம் காட்டிற்று. உடனே முடிவுகூறாது, பல்மானியின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடச் செய்தார்: 0.3 ஓம். இது கம்பிகளின் சொந்தத் தடை. இதனைக் கழித்தால், 12 வோல்ற் வழிக்கும் புவித்தொடுப்புக்கும் இடையே அரை ஓம்தான் எஞ்சுகின்றது. 5 வோல்ற் வழியிலோ எண் சிறிதாகத் தொடங்கி மெல்ல ஏறிச் சில கிலோ ஓம்களில் நின்றது. அந்த ஏற்றம், வழியிலுள்ள கொள்ளளவிகள் பல்மானியின் சிறு மின்னால் நிரம்புவதைக் காட்டுவது. அது நல்ல அறிகுறி. முனைகளை மாற்றிவைத்தும் பார்த்தார். உயிருள்ள இருவாயி ஒரு திசையிற் கடத்தி மறு திசையில் மறுக்கும். 12 வோல்ற் வழி இரு திசையிலும் ஒரே அரை ஓம்.

இந்த இடத்திலேதான் பலர் தவறிழைக்கின்றனர். அரை ஓம் இருவாயியின் இரு முனைகளிலும் காணப்படுகிறது என்பதால் இருவாயியே குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. அதே வழியிற் பக்கம் பக்கமாக இணைந்திருக்கும் கொள்ளளவி ஒவ்வொன்றின் மீதும், மோட்டாரைச் செலுத்தும் சில்லின் மீதும் பல்மானி அதே அரை ஓமையே காட்டும். சமாந்தரமாக இணைந்தவற்றுள் ஒன்று குறுஞ்சுற்றானால் எல்லாம் குறுஞ்சுற்றானவை போலத் தோன்றும். தனித்தனியே பிரித்தெடுத்துப் பார்ப்பது ஒரு வழி. கடைக்காரர் வேறொரு வழியைக் கையாண்டார். ஒழுங்குபடுத்தக்கூடிய மின்வழங்கியில் 1 வோல்ற்றை மட்டும் எடுத்து, 12 வோல்ற் வழிக்குள் செலுத்தினார். 1 வோல்ற்றினால் எந்தச் சில்லுக்கும் தீங்கு நேராது. அரை ஓமினூடாக 2 அம்பியர் ஓடும். 2 வாற் வெப்பம் குறுஞ்சுற்றான இடத்தில் மட்டும் தோன்றும். பலகையின்மேல் துப்புரவுக்குப் பயன்படும் அற்ககோலைப் பஞ்சினாற் பூசினார். பலகை எங்கும் ஈரமாய் இருக்க, மின்னிணைப்பிக்கு அருகேயிருந்த சிறு கறுப்புப் பொருள் ஒன்றைச் சுற்றி மட்டும் ஈரம் சில செக்கனில் உலர்ந்தது. அது 12 வோல்ற் வழியின் இருவாயி. விலையுயர்ந்த வெப்பப்படக் கருவி செய்யும் வேலையை ஒரு துண்டுப் பஞ்சு செய்துவிட்டது.

சூடான காற்றினால் இருவாயியை எடுத்துவிட்டு மீண்டும் அளந்தபோது, 12 வோல்ற் வழியும் கிலோ ஓம்களுக்கு ஏறிற்று. எடுத்த பொருளைத் தனியே அளந்தார். அதிலேதான் அரை ஓம் இருந்தது. இந்த இரண்டாவது அளவீட்டைச் செய்யாது விட்டிருந்தாலும் வன்தட்டு இயங்கியிருக்கும். ஆயினும் அவர் அதைச் செய்தார். நமது ஆய்வேடுகள் பலவற்றிலே காணக்கிடையாத ஒழுக்கம் அது.

காவலில்லாத பலகை இயங்குமா என்ற ஐயம் எழலாம். இயங்கும். ரீ.வீ.எஸ். இருவாயி வழமையான வேளையில் எவ்வித வேலையும் செய்வதில்லை. ஆகவே அதன் இன்மையை ஏனைய பகுதிகள் உணர்வதில்லை. ஆனால் அடுத்த மிகை வோல்ற்றளவு வரும்போது தடுப்பதற்கு ஒன்றுமிராது. தரவைப் பிரதி செய்யும் ஒரு தடவைக்கு மட்டுமே இந்நிலை பொருத்தமானது. பலகையைத் திருகி, உறுதியான ஒரு கணினி மின்வழங்கியோடு இணைத்தபோது வன்தட்டுச் சுழலத் தொடங்கிற்று. கோப்புகளைத் திறந்து பார்க்கும் ஆவலை அவர் அனுமதிக்கவில்லை. முதலில் முழுத்தட்டையும் தொடக்கம் முதல் இறுதிவரை வேறொரு வன்தட்டுக்குப் பிரதி செய்யவேண்டும். பின்னர் பிரதியிலேயே எதையும் தேடவேண்டும் என்றார். பழைய யூ.எஸ்.பி. இணைப்பினூடாக ஓர் இரவு முழுவதும் அது ஓடிற்று. மறுநாட் காலை, மஸ்கெலியாவின் ஒரு லயத்து அறையில் ஒலிப்பதிவான தாலாட்டொன்றை அக்கடையிலே வைத்துக் கேட்டோம். கடைக்காரர், "இது எங்க அப்பாயி பாடுற பாட்டு" என்றார். ஒலிப்பதிவில் இருந்தவர் அவருடைய அப்பாயி அல்லர், பாட்டு அதுவே. அதன் பிரதேச வேறுபாடு பற்றிய ஆய்வு பிறிதொரு கட்டுரைக்குரியது.

எல்லாப் பழுதும் இவ்வளவு அனுகூலமாய் முடிவதில்லை. வழி அறுந்த வகையிலே, மின்னிணைப்பிக்கு அண்மையில் '0' அல்லது '000' என்று குறிக்கப்பட்ட தடையிகள் சிலவற்றைக் காணலாம். தடை இல்லாத தடையி எதற்கு என்று கேட்கத் தோன்றும். சில பலகைகளில் அவை உருகியின் வேலையையும் செய்கின்றன. இரு பக்கமும் அளந்து, முடிவிலித் தடை காணப்பட்டால் அது அறுந்துவிட்டது. அறுந்தது ஏன் என்று கேளாமல் ஒரு கம்பியினால் அதனைப் பாலமிடுவது அறிவீனம்; அதற்கு அப்பால் ஏதேனும் குறுஞ்சுற்றானதால் அது எரிந்திருக்கக்கூடும். 5 வோல்ற்றிலிருந்து 3.3 வோல்ற்றையும், பிரதான சில்லின் உட்பகுதிக்கான ஏறத்தாழ 1 வோல்ற் அளவான வழங்கலையும் ஆக்கும் மாற்றிகள் அடுத்த நிலை. சில வன்தட்டுகளில் உள்ளிருக்கும் பெருக்கிக்காக மறை வோல்ற்றளவு ஒன்றும் பலகையிலேயே ஆக்கப்படுகின்றது. இவற்றை மின்னோட்டம் உள்ளபோதே அளக்க வேண்டும். மாற்றிகளின் தூண்டிச் சுருள்கள் பருமனாயிருப்பதால் பல்மானி முனையை அங்கு வைப்பது எளிது. பழகாத கை நழுவி 12 வோல்ற்றை 5 வோல்ற்றுடன் ஒரு கணம் தொடுத்துவிட்டால், முன்னர் இல்லாத பழுது அக்கணமே உண்டாகும். பலகை இறந்ததற்கு விசாரணையே காரணமாகிய சம்பவங்கள் குறைவல்ல.

இறவாமலே இறந்தது போலத் தோன்றுவனவும் உள. 2016இல் வெளியான சாட்டா 3.3 விதிமுறையில், மூன்றாம் தொடுமுனைக்கு 3.3 வோல்ற் வந்தால் வன்தட்டு நின்றுவிடவேண்டும் என்ற ஒழுங்கு இடம்பெற்றது. தரவு நிலையங்களிலே தொலைவிலிருந்து வன்தட்டை நிறுத்தி மீளத் தொடக்குவதற்காகச் செய்யப்பட்டது அது. அவ்வகை வன்தட்டைப் பழைய மின்வழங்கியோடு இணைத்தால், அம்முனையில் எப்போதும் 3.3 வோல்ற் இருப்பதால், அது ஒருபோதும் சுழலாது. பழைய நான்கு கம்பி இணைப்பியிலிருந்து மாற்றுக் கம்பி ஒன்றைப் போட்டால், அதில் 3.3 வோல்ற் இல்லாமையால், உடனே சுழலும். இன்னொன்று நமது சூழலுக்கு மிகவும் உரியது. பலகைக்கும் உலோக அறைக்கும் இடையே மின்னைக் கொண்டுசெல்லும் தொடுபரப்புகள் ஈரப்பதனாற் கறுத்துவிடும். கடற்கரையோர ஊர்களிலே பல ஆண்டுகள் இருந்த வன்தட்டுகளில் இதனை முதலிற் பார்க்கவேண்டும். மருந்து, பென்சில் அழிறப்பர். மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டால் போதும்.

மிகக் கடுமையானது மோட்டாரைச் செலுத்தும் சில்லு எரிதல். இருவாயியை எடுத்த பின்னரும் 12 வோல்ற் வழியிற் குறுஞ்சுற்று நீங்காவிட்டால் ஐயம் அதன்மேலேயே விழும். பலவேளை சில்லின் மேற்பரப்பில் ஒரு சிறு கொப்புளம் காணப்படும். அதே இலக்கமுள்ள வேறொரு பலகையைப் பெற்று மாற்றிவிடலாமே என்று எண்ணுவது இயல்பு. ஒரு காலத்தில் அது பெரும்பாலும் பலித்தது. இன்று ஒவ்வொரு வன்தட்டும் தன் தலைகளுக்கும் தட்டுகளுக்கும் உரிய தனித்த அளவீடுகளைத் தொழிற்சாலையிலேயே பெற்று, அவற்றுட் சிலவற்றைப் பலகையிலுள்ள எட்டுக்கால் நினைவகச் சில்லொன்றிலோ பிரதான சில்லினுள்ளேயோ வைத்திருக்கின்றது. அந்நினைவகத்தையும் பழைய பலகையிலிருந்து புதியதற்கு மாற்றினாலன்றி வன்தட்டுத் தன் தட்டையே வாசிக்க அறியாது. எட்டுக்கால் சில்லாயின் பற்றாசுக்கோலுடன் பொறுமையும் போதும். பிரதான சில்லினுள்ளே இருக்குமாயின் தனிச் சாதனங்கள் வேண்டும்.

இவ்வளவையும் ஒரு சாதாரணதர மாணவர் எங்கே கற்றார்? உற்பத்தியாளர் தம் பலகைகளின் சுற்றுப்படத்தைப் பொதுமக்களுக்கு வெளியிடுவதில்லை. எப்பொருள் எவ்வழியில் உள்ளது என்பதை உலகெங்குமுள்ள திருத்துநர்கள், பழுதான பலகைகளை அளந்தளந்து, தம்முட் பகிர்ந்து கட்டியெழுப்பியுள்ளனர். பண்டத்தினுள்ளே அதனைச் செய்த உழைப்பு மறைந்துவிடுகின்றது என்று மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' முதற்பாகத்திலே விளக்கினார். இங்கு மறைப்பு இருமடியாகின்றது. செய்த உழைப்பும் தெரியவில்லை. திருத்துவதற்குரிய அறிவும் தரப்படவில்லை. 2011ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே தாய்லாந்தின் தொழிற்பேட்டைகளை வெள்ளம் மூடியபோது உலகெங்கும் வன்தட்டின் விலை ஏறியது. அப்போதுதான், நம் மேசையிலுள்ள பெட்டி எவர் கைகளால் எங்கே பொருத்தப்படுகின்றது என்பதைப் பலர் முதன்முறை அறிந்தனர். ஒரு காலத்தில் எண்ணற்ற நிறுவனங்கள் செய்துவந்த இப்பொருளை இன்று சீகேற், வெஸ்ரேண் டிஜிற்றல், தொஷிபா என மூன்றே நிறுவனங்கள் செய்கின்றன.

ஆயினும் திருத்துநரைக் கற்பனை வீரராக்குவதிலும் பயனில்லை. முற்போக்குச் சிந்தனையுள்ளோரிடம் அப்படியொரு சாய்வு உண்டு. அறையின் மூடியைச் சாதாரணக் கடையிலே திறந்து, தூசு படியவைத்து, மீட்கக்கூடிய தரவை மீட்கமுடியாததாக்கியவர்களும் இத்தொழிலில் உள்ளனர். தலை தட்டிலிருந்து சில நனோமீற்றர் உயரத்திலே பறப்பது. ஒரு தூசு அதற்கு மலை. கண்டிக் கடைக்காரரின் சிறப்பு அவர் ஏழை என்பதிலன்று. எங்கே நிறுத்தவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். சக விரிவுரையாளர் ஒருவரின் வன்தட்டை அவரிடம் கொண்டுசென்றபோது, செலுத்திச் சில்லில் கொப்புளத்தைக் கண்டு, நினைவகம் பிரதான சில்லினுள்ளே இருப்பதை உறுதிசெய்து, "இதுல நான் கை வச்சா கெடுத்துடுவேன் சேர், அப்படியே வச்சிருங்க" என்று திருப்பித் தந்துவிட்டார். அவ்வன்தட்டு இன்னும் விரிவுரையாளரின் அலுமாரியில் உள்ளது. அதிலிருப்பவை 1970களின் சிற்றேடுகள் சிலவற்றின் ஒளிப்படப் பிரதிகள்.

நமது வன்தட்டில் பின்னர் புதிய இருவாயி பொருத்தப்பட்டது. பொருத்துவோர் இரண்டைக் கவனிக்கவேண்டும். இருவாயியின் ஒரு முனையிலுள்ள கோடு மின்வழியின் நேர்ப் பக்கத்தை நோக்கவேண்டும். மாறினால், இணைத்த கணமே அது குறுஞ்சுற்றுப்போல் நடந்துகொள்ளும். 5 வோல்ற்றுக்குரியதை 12 வோல்ற் வழியில் வைத்தாலும் முடிவு அதுவே. ஒலிப்பதிவுகள் இப்போது மூன்று பிரதிகளாக உள்ளன. ஒன்று பல்கலைக்கழகத்தில், ஒன்று இக்கட்டுரையாளன் வீட்டில். மூன்றாவதைப் பாடியவர்களின் பிள்ளைகள் கேட்டபடியால், தோட்டத்து வாசிகசாலைக்குக் கொடுத்தோம்.